ஆன்றோவின் வலது முழங்கால்

உள்ளே இயந்திரம் தட்டத் தொடங்கியது. கனத்த கதவையும் மீறி வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தேவநாதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. அதற்குப் பின்னால் ஆன்றோ மல்லாந்து கிடக்கிறான். வலது முழங்காலை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் பொருத்தி, அசையக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள். அசைய மாட்டான். சொன்னதைக் கேட்கிற பையன். பையன் என்ன பையன், முப்பத்தொன்று முடியப்போகிறது, அதுதானே இப்போது தொல்லை. இருபத்திரண்டு வயதுக் காலாக இருந்தால் அது கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று யாரும் இங்கே உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். வேண்டிக்கொண்டிருக்கிறேனா? அந்தச் சொல்லில் அவன் இடறி நின்றான். இல்லை, வேண்டுவதற்குச் சாமி வேண்டும், சாமியை நான் இதற்குள் இழுக்கவில்லை. எதிர்பார்க்கிறேன். மழை வருமா என்று பார்ப்பதைப்போல. மழை வந்தால் நல்லது என்று நினைக்கிறவனா மழையைக் கொண்டுவருகிறான்? எதிர்ச் சுவரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்று பலகை தொங்கியது. சொல்வதுதான் குற்றம். தெரிந்துகொள்வது குற்றமில்லை, நினைப்பது குற்றமில்லை. டக், டக், டக் என்று சீராக அடித்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று தடித்து, தகரக் கூரையில் யாரோ குச்சியால் அடிப்பதுபோல ஆனது. இப்போது எதைப் பார்க்கிறது? அந்தத் தசைநாரையா? போன கால்பந்து சீசனின் கடைசி ஆட்டத்தில் யாரும் தொடாமலேயே, தானே திரும்பித் தானே விழுந்தானே, அப்போது அறுந்து, பிறகு தொடையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்துத் தைத்ததே, அதையா?

"இவ்வளவு சத்தமாட்டா இருக்கும், அண்ணே?" என்று பக்கத்திலிருந்து பெனிலா கேட்டாள். ஆன்றோவின் மனைவி. அவனுடைய மோதிரமும் சிலுவைச் சங்கிலியும் அவள் கைக்குள் இருந்தன. இரும்பு, தங்கம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்று கழற்றி வாங்கிக்கொண்டார்கள். "காந்தம்மா, ஒண்ணும் பண்ணாது," என்றான் தேவநாதன். "இவரு ராத்திரி உறங்கவே இல்ல. காலை மடக்கி மடக்கிப் பாத்துட்டே கெடந்தாரு. நான் சொன்னேன், தேவா அண்ணன் கூட வருதாரு, ஒரு குறையும் வராதுன்னு." அவள் பைக்குள் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். அவித்த ஏத்தம்பழம், துண்டு துண்டாக, மேலே தேங்காய்ப்பூ தூவி. "காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க, எடுங்க." அவன் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்து, பிறகு எடுத்துக்கொண்டான். பழம் இன்னும் சூடாக இருந்தது. நன்றாக இருந்தது. அதுதான் அவனுக்கு வியப்பு, நன்றாக இருந்தது. தொண்டையில் சிக்கியிருக்க வேண்டும், கசந்திருக்க வேண்டும், கதைகளில் அப்படித்தான் வரும். இரண்டாவது துண்டையும் எடுத்தான். பெனிலா கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையை உருட்டத் தொடங்கினாள். உதடுகள் மட்டும் அசைந்தன. அவள் கேட்பதற்கும் நான் கேட்பதற்கும் நடுவே ஒரே ஒரு முழங்கால். இரண்டு பேரும் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டுக்கொண்டு.

இதில் என்மேல் என்ன தப்பு இருக்கிறது? தேவநாதன் அதைத் தனக்குத் தானே விளக்கிக்கொண்டான், கிளப்பில் தன் மேலதிகாரியான பிரணவுக்கு விளக்குவதைப்போல, ஆனால் பிரணவுக்கு விளக்கம் தேவைப்பட்டதே இல்லை. லீக் ஒவ்வொரு கிளப்புக்கும் சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. பதிவு செய்த ஆட்டக்காரர்கள் எல்லாருடைய சம்பளத்தையும் கூட்டினால் அதைத் தாண்டக்கூடாது. முதலாளியிடம் கோடி கோடியாக இருந்தாலும் தாண்டக்கூடாது. அதனால் சீசன் முடிந்து அடுத்த சீசன் தொடங்குவதற்குள், மைதானத்தில் புல் வளரும் அந்த மாதங்களில், ஆட்டம் முழுக்க தேவநாதனுடையது. யாரைத் தள்ளினால் யாருக்கு இடம் வரும். ஒருவனைக் கோவாவுக்குக் கடனாக அனுப்பி அவன் சம்பளத்தில் பாதியை அவர்கள் தலையில் கட்டலாம். இன்னொருவனிடம் இந்த வருடம் குறைத்துக்கொள், அடுத்த வருடம் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லலாம், அடுத்த வருடம் அவன் இருந்தால். கிளப்பாக ஒருவனை நீக்கினால் அவன் சம்பளம் கணக்கில் நின்றுகொண்டே இருக்கும். அவனாகவே போகிறேன் என்றால் நிற்காது. அதனால் அவனாகவே போக வைக்க வேண்டும். கோல்கீப்பர் முனியாண்டியை அப்படித்தான் போக வைத்தான். தனியாகப் பயிற்சி, வெயில் ஏறிய பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு, அவன் அலமாரியில் வேறு ஒருவன் பெயரை ஒட்டி. யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. முனியாண்டி ஒருநாள் அவன் அறைக்கு வந்து, "என்ன வேணும்னு நேரா கேட்டிருக்கலாமே சார்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அன்று மத்தியானம் பிரணவ் எல்லாருக்கும் பிரியாணி வரவழைத்தான். தேவநாதன் வயிறு நிறையச் சாப்பிட்டான். அன்றும் நன்றாகத்தான் இருந்தது.

இப்போது ஒரு செர்பியாக்காரன் வரத் தயாராக இருக்கிறான், முன்வரிசைக்காரன், இரண்டு காலாலும் அடிக்கிறவன். வெள்ளிக்கிழமை பதிவு மூடுகிறது. அவனுக்கு இடம் ஒரே ஒரு வழியில்தான் வரும். சீசன் முழுக்க ஆட முடியாத காயம் என்று ஆகிவிட்டால் அந்த ஆட்டக்காரனின் சம்பளம் வரம்புக்குள் வராது, இன்ஷூரன்ஸ் கொடுத்துவிடும். பாதி சீசன் காயம் என்றால் செல்லாது. முழுசாகக் கெட்டிருக்க வேண்டும். "எனக்கு இடம் வேணும் தேவா, அது எப்படி வருதுங்கிறது உங்க வேலை," என்று பிரணவ் சொன்னபோது கண்ணாடிச் சுவர் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வயதுகூட ஆகவில்லை. மேலதிகாரி. நல்ல சட்டை போடுகிறான், குரலை உயர்த்துவதே இல்லை. ஆன்றோவின் பெயரை அவன் சொல்லவில்லை. தேவநாதனும் சொல்லவில்லை. ஸ்கேன் செவ்வாய்க்கிழமை என்று மட்டும் சொன்னான். பிரணவ் தலையை ஆட்டினான். அவ்வளவுதான் பேச்சு, அதில் யார் என்ன கேட்டார்கள், யார் என்ன ஒப்புக்கொண்டார்கள்? ஆன்றோவுக்கு மட்டும் என்ன நஷ்டம்? சம்பளம் வரும். வீட்டில் படுத்துக்கொண்டு சம்பளம். யாருக்குக் கிடைக்கும்? இந்த வருடத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, அதற்குப் பிறகு அறுந்த காலோடு முப்பத்திரண்டு வயதுக்காரனை யார் எடுப்பார்கள் என்ற எண்ணம் வந்தது. அதை அவன் மறுபக்கத்து நாற்காலிக்குத் தள்ளி வைத்தான். அங்கே மூத்திரப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

பெரியவரின் பை பாதி நிறைந்திருந்தது. அப்பாவுக்கும் இதே பைதான். வீட்டில் நடு அறையில் கட்டில், கட்டிலில் அப்பா, பேச்சு போய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு. பெண் பன்னிரண்டாம் வகுப்பு, கூடத்தில் டிவிக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிறாள். "அவளுக்கு ஒரு ரூம் வேணுங்க," என்று மனைவி சொன்னபோது, வேறொன்றும் சொல்லவில்லை, ரூம் வேண்டும் என்றுதான் சொன்னாள், இருவருமே நடு அறைக் கதவைப் பார்க்காமல் இருந்தார்கள். பார்க்காமல் இருந்ததுதான் பார்த்தது. எங்கே போனாலும் இப்படி ஆகிவிட்டது. பஸ்ஸில் ஏறினால் யார் அடுத்த நிறுத்தத்தில் இறங்குவார் என்று முகங்களை எடை போடுகிறான். கல்யாணப் பந்தியில் பாயசம் வரும் முன்பே பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே ஒருவன், அவன் நான். அப்பாவின் வாயைத் துடைத்துவிடும்போது கை கவனமாகத்தான் துடைக்கிறது. மனம்தான் அறையை அளந்துகொண்டிருக்கிறது, ஜன்னலோரம் மேசை, இந்தப் பக்கம் புத்தக அலமாரி. சீ. அப்பா ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். தெரிந்திருக்குமா? ஆன்றோவுக்குத் தெரியாது. ஆன்றோவுக்கு எதுவுமே தெரியாது. நேற்று போனில், "அண்ணே, நீங்க கூட வந்தா எனக்கு பயம் இருக்காது," என்றான். கல்யாணத்துக்குக் கன்னியாகுமரிப் பக்கம் அவன் ஊருக்குப் போனபோது தேவநாதனை மணவறைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள், அவன் அம்மா மீன் முள்ளை எடுத்துப் போட்டாள், வெளியூர்க்காரருக்குத் தெரியாது என்று. அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? நினைத்தால் என்ன ஆகிவிடப்போகிறது? நான் காலை உடைக்கவில்லை. அது உள்ளே ஏற்கெனவே எப்படி இருக்கிறதோ அப்படித்தான் இருக்கும், நான் நினைத்ததால் ஒரு நரம்புகூட நகராது.

அப்படியென்றால் ஏன் வியர்க்கிறது? ஏசி எலும்பு வரைக்கும் குளிர்ந்துகொண்டிருந்தது, கழுத்துக்குப் பின்னால் வியர்த்தது. பயம். கால் நன்றாக இருந்துவிடுமோ என்ற பயம். நன்றாக இருந்தால் இடமில்லை, இடமில்லை என்றால் செர்பியாக்காரன் வேறு கிளப்புக்குப் போவான், அங்கிருந்து வந்து நமக்கே கோல் போடுவான். அப்போது பிரணவ் குரலை உயர்த்தாமல் ஏதோ சொல்வான். அலுவலகத்தில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், மடிக்கணினியில் ஏதோ தட்டுகிறாள், தேவநாதன் ஒரு வாரம் உட்கார்ந்து போடுகிற கணக்கு ஒரு மணி நேரத்தில் திரையில் வண்ண வண்ணமாக வந்து நிற்கிறது. போன மாதம் அவள் பெயரை என் பெயருக்கு முன்னால் சொன்னான் பிரணவ். என் சம்பளம் எந்த உச்சவரம்புக்குள்ளும் வராது, எனக்கு வேறு வரம்பு, அது எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். தனியாக ஒரு மேசை போடுவார்களா? என் அலமாரியில் வேறு பெயர் ஒட்டுவார்களா? முனியாண்டி சிரிப்பானா? சத்தம் நின்றது. திடீரென்று நின்றதில் காது கொய்ங் என்றது. பெனிலாவின் உதடுகளும் நின்றன. சிவப்பு விளக்கு அணைந்தது.

ஆன்றோ வெளியே வந்து, மருத்துவமனை உடுப்பில் கூச்சத்தோடு சிரித்துவிட்டு, உடை மாற்றும் அறைக்குப் போனான். பெனிலா மோதிரத்தையும் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அதற்குள் அறுவை செய்த டாக்டர் கமலேஷ், பச்சை உடையோடு, "தேவநாதன், வாங்க," என்று கையசைத்தார். உள்ளே திரையில் முழங்கால் கறுப்பு வெள்ளையாக இருந்தது. இவ்வளவு நேரம் அவன் நினைத்துக்கொண்டிருந்த பொருள் இதுதான், பார்த்தால் எதுவும் புரியவில்லை. டாக்டர் பேனாவால் ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டினார். "தச்ச தசைநார் அருமையா பிடிச்சிருக்கு. என் கையை நானே பாராட்டிக்கணும்." தேவநாதன் திரைக்கு அருகில் குனிந்தான். "அப்ப ஆடலாமா டாக்டர்?" "அதுதான் கூடாது. இன்னும் முழுசா பலம் ஏறல, இங்க பாருங்க, இந்த இடம் வெளுப்பா இருக்கில்ல? ஆறு வாரம் நேரா நடக்கலாம். திரும்பக்கூடாது, குதிக்கக்கூடாது, பந்து பக்கமே போகக்கூடாது. இப்ப அவசரப்பட்டா பட்டுன்னு அறுந்துடும். மறுபடி அறுந்தா நான் தச்சாலும் இந்த வயசுல ஆட மாட்டான்." "ஆறு வாரம் பொறுத்தா?" "இன்னும் மூணு வருஷம் ஆடுவான்." டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "எனக்கு தியேட்டர்ல ஆள் காத்திருக்கு. நான் அவனைக் கூப்பிட்டுச் சொல்லிட்டுப் போகவா, நீங்க சொல்லிடறீங்களா?" என்றார். "நான் சொல்லிடறேன் டாக்டர்." யார் சொன்னது? தேவநாதனுக்கே தன் குரல் வெளியிலிருந்து வந்ததுபோல இருந்தது. எவ்வளவு இயல்பாக வந்தது. டாக்டர் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

இடைவழி நீளமாக இருந்தது, ஃபினாயில் வாசனை. சொல்லிவிடலாம். ஆறு வாரம் என்று சொல்லிவிட்டால் போயிற்று, பெனிலா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவாள், நான் பிரணவிடம் போய் இடம் வரவில்லை என்பேன். இல்லை, வேறு யாரையாவது தள்ளி இடம் எடுக்கலாம். யாரை? மணிப்பூர்ப் பையனையா? அவனுக்கு ஐந்து பேர் வீட்டில். தள்ளினால் யாரையோ தள்ளத்தானே வேண்டும், ஆன்றோவாக இருந்தால் என்ன, அவனுக்காவது இன்ஷூரன்ஸ் உண்டு. பார், நான் கடைசிவரை அவனுக்கு நல்லதையே பார்க்கிறேன். ஆறு வாரம் என்று நான் சொன்னேன், அவன் கேட்கவில்லை, உற்சாகத்தில் ஆடிவிட்டான் என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? கிளப்பின் பிசியோதெரபிஸ்டை ஒப்பந்தம் முடிந்து அனுப்பியாயிற்று, செலவு மிச்சம் என்று நான்தான் அனுப்பினேன், புதியவர் அடுத்த மாதம். டாக்டர் என்னிடம்தான் சொன்னார். அந்த வார்த்தை இப்போது என் வாய்க்குள் இருக்கிறது. வெளியே விட்டால் மூன்று வருடம், விழுங்கினால் வெள்ளிக்கிழமை. விழுங்குவது என்றுகூட இல்லை, பாதியைச் சொல்லலாம். அருமையாகப் பிடித்திருக்கிறது என்றார். அவர் சொன்ன வார்த்தைதானே? பொய்யே இல்லாமல் முடியும். கடைசியில் ஒரு ஜன்னல், அதில் சூரிய வெளிச்சம், அவனுக்கு ஒரு கணம் காரணமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் பாதியில் விட்டுவிட்டால் வருமே, அதுபோல.

வாசலுக்கு வெளியே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் வேப்பமர நிழலில் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஆன்றோ சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தான். "அருமையா பிடிச்சிருக்காம்," என்றான் தேவநாதன். பெனிலா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் அப்படியே வழிந்தது, சத்தமே இல்லை. "நாளைக்கே பயிற்சிக்கு வரலாம்ல அண்ணே?" "வா. வியாழக்கிழமை பயிற்சி ஆட்டத்துலயும் இறங்கு." எவ்வளவு சுலபம். ஆன்றோ ஒரு கணம் தயங்கினான். "திரும்பும்போது மட்டும் உள்ள லேசா ஒரு மாதிரி இழுக்குது. அதை டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" கேள்வி வந்துவிட்டது. இதோ இங்கே இன்னும் திரும்பிவிடலாம், ஆமாம் ஆன்றோ, அதற்குத்தான் ஆறு வாரம் என்றார், என்று சொன்னால் அவன் சரி அண்ணே என்பான். தேவநாதன் அந்த வாக்கியத்தை நாக்கில் வைத்துப் பார்த்தான். பிறகு, "கேட்டேன். அது பயம்தானாம். பயத்தை விட்டாத்தான் போகுமாம்," என்றான். "பாத்தியா," என்று பெனிலா கண்ணீரோடு சிரித்தாள், "நான் சொன்னேன்ல, எல்லாம் ஒனக்க மண்டையிலதான்னு." ஆன்றோவும் சிரித்தான். அந்தச் சிரிப்பை தேவநாதன் முன்பு பார்த்திருக்கிறான், கோவாவில் கடைசி நிமிடத்தில் கோல் கோட்டிலிருந்து பந்தை எடுத்த அன்று. அவன் அந்த இடத்திலேயே இரண்டு எட்டு ஓடினான், நின்றான், வலது காலை ஊன்றி மெல்லத் திரும்பினான். ஒன்றும் ஆகவில்லை. கால் தாங்கியது. பெனிலா கைதட்டினாள். ஒரு வண்டிக்காரர்கூட நின்று பார்த்தார். தாங்குகிறது, வியாழக்கிழமையும் தாங்கிவிட்டால்? வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பயிற்சியில் ஒன்றும் ஆகாமல் போனால்? தேவநாதன் ஓர் அடி முன்னால் வந்தான். "இப்படிப் பயந்து பயந்து திரும்பினா எப்படி," என்றான், அண்ணன் தம்பியைக் கேலி செய்கிற குரலில், அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல், "ஆட்டத்துல திரும்புற மாதிரி திரும்பு ஆன்றோ. முழு வேகத்துல."

ஆன்றோ மரத்தடி வரை போய், அங்கிருந்து ஓடி வந்தான். ஓட்டம் அழகாக இருந்தது. கால்பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவனுக்கும் அது அழகு என்று தெரியும். ஊன்றினான், இடுப்பு ஒரு பக்கம் போயிற்று, திரும்பினான். சத்தம் பெரிதாக இல்லை. விரலைச் சொடுக்குகிற அளவுதான். கீழே உட்கார்ந்த பிறகும் ஆன்றோவின் முகத்தில் சிரிப்பு மிச்சமிருந்தது, முகத்துக்கு இன்னும் செய்தி போகவில்லை. பெனிலாவும் இன்னும் ஒரு கைதட்டல் தட்டினாள். பிறகு அவன் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கத்தவில்லை, "போயிருச்சு," என்றான். "போயிருச்சு அண்ணே, போயிருச்சு." முதலில் ஓடிப்போய்ப் பிடித்தது தேவநாதன்தான். அவன் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான், தண்ணி கொண்டாங்க என்று யாரிடமோ கத்தினான், கண்ணில் நீர் வந்தது, அதுவும் பொய்யில்லை, உண்மையான நீர், அதை அவனே தொட்டுப் பார்த்துக்கொண்டான். அந்த நீருக்கு அடியில் மனம் அமைதியாக, ஒழுங்காக, செர்பியாக்காரனின் ஏஜெண்டுக்கு என்ன சொல்ல வேண்டும், பிரணவுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது. ஆன்றோவின் வியர்வை அவன் சட்டையில் ஊறியது. பெனிலா மண்ணில் மண்டி போட்டு, கணவனின் காலைத் தொடப் பயந்து கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, தேவநாதனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இருக்குமோ என்று தேடினான். இல்லை, கொஞ்சம்கூட இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு கை கிடைக்குமா என்று மட்டும்தான் பார்த்தாள்.

"அண்ணே, டாக்டரு சரியாயிருச்சுன்னுதானே சொன்னாரு? ஒங்க காதால கேட்டீங்கல்ல?"

"என் காதாலதான் கேட்டேன்மா," என்றான் தேவநாதன்.